மழைய விட்டுட்டு வாசி

நம் வகுப்புக் குழுவில் மூன்று நாளாகத் தென்னைமரமாக வந்து விழுகிறது. ஓய்வு பெற்ற கையோடு எட்டுப் பேர் சேர்ந்து அந்தமான் போய்விட்டு வந்திருக்கிறீர்கள். போய் வாருங்கள், யார் வேண்டாம் என்றது. கடலுக்குள் தலையை நீட்டிச் சாய்ந்து நிற்கும் தென்னை. அதன் தூரில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கும் நீங்கள். ஆள் உயர வேர். மரத்தின் மேல் மரம். எல்லாப் படத்தையும் பார்த்தேன். கடைசிப் படத்துக்குக் கீழே நம்மில் ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "உப்புத் தண்ணியில நின்னும் இதுக எப்படிப்பா இம்புட்டுப் பச்சையா இருக்கு?" அதற்கு வரிசையாகக் கைதட்டும் பொம்மை போட்டிருக்கிறீர்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

எனக்குப் பதில் தெரியும். பத்து வயதிலேயே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதில் எங்கள் தோப்பு போனது, கிணறு போனது, அம்மாவுக்கு ஒரே தம்பி போனார். நீளமாக எழுதப் போகிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள். இல்லையென்றால் தென்னைமரத்தையே பாருங்கள்.

எங்கள் தோப்பு உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அங்கே குரும்பை பொறுக்கி, ஈர்க்குச்சி குத்தித் தேர் செய்து இழுத்தவர்கள். நின்று பார்த்தால் ஒரு பக்கம் மலைக்கோட்டைப் பாறை, மறு பக்கம் சிறுமலை. நாற்பது மரமும் அப்பா கல்யாணத்துக்கு முன்னால் வைத்தது. குழிக்கு ஒரு கூடை மணல், ஒரு படி கல்லுப்பு போட்டு நட்டது. நம் பக்கம் எல்லாரும் அப்படித்தான் நடுவார்கள். உப்பு எதற்கு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "தென்னைக்கு உப்புன்னா உசுரு" என்பார்கள்.

நாம் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஆடியிலும் பெய்யவில்லை, ஐப்பசியிலும் பெய்யவில்லை. சிறுமலை மேல் மேகம் வந்து நிற்கும், எங்கள் பக்கம் இறங்காது. கிணற்றில் தண்ணீர் ஒரு குட்டையாகக் குறுகியது. அப்பா தினமும் உள்ளே இறங்கிச் சேற்றை வாரி மேலே அனுப்புவார், ஊறினால் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடும். பிறகு அரை மணி. பிறகு காற்றுதான் வந்தது. மத்தியானத்தில் தோப்புக்குள் நின்றால் காய்ந்த மட்டை மேல் குரும்பை உதிரும் சத்தம் மட்டும் கேட்கும். டொக். செத்த நேரம் கழித்து இன்னொரு டொக். நமக்கு அது விளையாட்டுச் சாமான். அப்பா ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைத் திருப்புவார். நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

மாமா அம்மாவின் தம்பி. சாலை போடும் கூட்டத்தோடு அந்தமானுக்குப் போனவர். முந்தின வருஷம் லீவில் வந்தபோது எனக்கு ஒரு கொட்டை கொண்டு வந்தார், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், கண்ணாடி போல வழவழப்பு. ஒரு கை நீளக் காய்க்குள் இருக்குமாம். சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தொடையில் வைத்தால் சுள்ளென்று சுடும். இந்தக் குழுவில் இருக்கும் இரண்டு பேருக்கு நான் சூடு வைத்திருக்கிறேன். ஒருத்தி டீச்சரிடம் போய் அழுதாள். யார் என்று சொல்ல மாட்டேன்.

மாதம் ஒரு கடிதம் வரும். குண்டு குண்டு எழுத்து. மாமா எட்டாவது வரை படித்தவர். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. சாயங்காலம் அப்பா மோட்டார் ரூம் படியில் உட்காருவார், அம்மா கதவு நிலையில் சாய்ந்து நிற்பாள், நான் வாசிப்பேன். எங்கள் வீட்டின் கண் நான்தான். அந்தக் கண்ணின் யோக்கியதையைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாமா தீவில் பார்த்த மரம் செடியை எழுதுவார், தன்னைப் பற்றி எதையும் எழுதவில்லை. சாப்பாடு, சம்பளம், உடம்பு, எதுவும் கிடையாது. 'இங்கே மண்ணைப் பார்த்து நாளாகிறது, எல்லாவற்றின் மேலும் ஏதாவது முளைத்துவிடுகிறது. நேற்று நட்ட வேலிக்கம்பு இன்று துளிர் விட்டிருக்கிறது.' 'சேற்றில் நிற்கும் மரம் நண்டு மாதிரிக் கால்களை ஊன்றி நிற்கிறது. விதை மரத்திலேயே முளைத்து, ஈட்டி போலக் கீழே விழுந்து குத்தி நின்றுகொள்கிறது.' 'ஒரு மரத்தின் வேர் சுவர் மாதிரி. அதன் பின்னால் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கலாம்.'

"புளுகுறான்" என்பார் அப்பா. "வேருல எங்குட்டுடி செவுரு?"

"அங்க இருக்கும்போல" என்பாள் அம்மா.

"ஒன் தம்பி இங்க இருந்தப்ப கீரத்தண்டுக்கும் முள்ளங்கிக்கும் வித்தியாசம் தெரியாது. இப்ப மரத்துக்கு ஜாதகம் எழுதுறான்."

திட்டுவார், ஆனால் மரத்தைப் பற்றி எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொல்வார். அந்த வருஷம் அப்பா கண்ணில் பட்ட பச்சை, வேலியில் நின்ற சீமைக்கருவேலமும் எருக்கும்தான். மாமாவின் பச்சையைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி பொய்த்த பிறகு வந்த கடிதம் 'இங்கே நான்கு நாளாக மழை விடவில்லை' என்று தொடங்கியது. அப்பா கையை நீட்டி நிறுத்தினார்.

"என்னது?"

"மழைப்பா. நாலு நாளா..."

"மழைய விட்டுட்டு வாசி."

"ஏங்க, புள்ள ஆசையா எழுதிருக்கான்" என்றாள் அம்மா.

"பேயுது, எழுதுறான். இங்க வானத்தப் பாத்துப் பாத்துக் கழுத்து ஒடியுது. இனிமே மழைன்னு வந்தா தாண்டிப் போயிரு. மரம் மட்ட, பூவு பிஞ்சு, அத மட்டும் வாசி. வெளங்குச்சா புள்ள?"

"வெளங்குச்சுப்பா."

அன்றிலிருந்து மாமாவின் கடிதத்தில் மழையைப் பொறுக்கி எறிந்துவிட்டு வாசித்தேன். லேசான வேலை இல்லை. அந்த ஊரில் மழை இல்லாமல் ஒரு வரிகூட நிற்காது. ஒருமுறை தவறிப்போய் 'அடைமழை' என்று வாசித்துவிட்டேன். அன்று அப்பா சோற்றுத் தட்டைத் தொடவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. நான் பயந்துவிட்டேன். அதற்குப் பிறகு வரி வரியாகக் கண்ணை முன்னால் ஓடவிட்டு, 'மழை' என்ற எழுத்தைப் பார்த்தவுடனே குதித்துவிடுவேன்.

தையில் அந்தக் கடிதம் வந்தது. அதில் தென்னையைப் பற்றி வாசித்தது இதுதான்: 'மச்சான், இங்கே தென்னைக்குக் குழி வெட்டுவதில்லை, தண்ணீர் கட்டுவதில்லை. கடலோரத்தில் காய் விழுந்து தானே முளைக்கிறது. பெரிய அலை வந்தால் தூர் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கிறது. அப்படியும் ஒரு மட்டை வாடுவதில்லை, குலை தள்ளி நிற்கிறது.' அடுத்த பத்தி 'மழைதான் இதற்குக் காரணம்' என்று தொடங்கியது. குதித்தேன். அதற்குப் பிறகு இருந்தது 'அக்காவுக்கு உடம்பு எப்படி' என்ற வரி. அதை வாசித்து மடித்துக் கொடுத்துவிட்டேன்.

அப்பா சிரித்தார். பல மாதம் கழித்துச் சிரித்தார். "நாமளும் உப்பு போட்டுத்தான நட்டோம்" என்றார்.

அந்த மாதமே தோல் ஷாப் மேஸ்திரி வந்தார். நம் ஊருக்கும் டவுனுக்கும் நடுவில் அப்போது ஒரு தோல் ஷாப் இருந்ததே, இப்போது அங்கே கல்யாண மண்டபம். பச்சைத்தோல் உப்பில் புரட்டி வரும். அந்த உப்பைக் கழுவி, சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரைச் சீவி, எல்லாத் தண்ணீரையும் ஓடையில் விடுவார்கள். ஓடையோரத்து ஆட்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். மேஸ்திரிக்கு அவசரமாக வேறு இடம் வேண்டும். வெயிலில் அலைந்து எங்கள் மோட்டார் ரூமுக்கு வந்து சேர்ந்தார்.

"அண்ணே, தண்ணி சும்மா போகுது. ஒங்க வாய்க்கால்ல திருப்பி விட்டா மரமாச்சும் பிழைக்கும்ல."

"நாறுதேய்யா."

"நாத்தம் ஒங்களுக்குத்தானண்ணே. மரத்துக்கு மூக்கு இருக்கா?"

அம்மா கதவு நிலையிலிருந்து சொன்னாள்: "கொக்கு எறங்காத தண்ணி. எரும வாய் வைக்காது. அதப் போயி மரத்துக்கா?"

"எரும தேங்கா காய்க்குமா மதினி?" என்றார் மேஸ்திரி. அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் முடிந்தது என்று எனக்குப் பல வருஷம் தோன்றியதுண்டு. அது பொய். முடிந்தது அதற்குப் பிறகுதான்.

அப்பா மேஸ்திரியோடு ஓடை வரை போய், விரலைத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு வந்தார். "உப்பு. அம்புட்டுத்தான். வேற ஒண்ணுமில்ல" என்றார். என்னைக் கூப்பிட்டார். "அந்தத் தென்ன மரத்தப் பத்தி எழுதிருந்தானே, அத எடுத்துட்டு வா. இவருக்கும் வாசிச்சுக் காட்டு."

எடுத்து வந்தேன். வாசித்தேன். 'ஒரு மட்டை வாடுவதில்லை, குலை தள்ளி நிற்கிறது' வரை வந்தேன். இந்தத் தடவை கண் குதிக்கவில்லை. பத்தி முழுவதும் ஒரே மூச்சில் கண்ணில் விழுந்துவிட்டது. புரிந்தது. நான் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளை, புரியாமல் என்ன. நிமிர்ந்து பார்த்தேன். அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம். மேஸ்திரி துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பறம்?" என்றார் அப்பா.

"அம்மாவுக்கு ஒடம்பு எப்படின்னு கேட்டுருக்காரு."

"கேட்டீங்கள்ல மேஸ்திரி? கடலுக்குள்ள நிக்கிதாம். இது என்ன, கையளவு உப்பு."

மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலை வெட்டித் திருப்பினார். காப்பித்தண்ணி நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது. தலைமடையில் நின்ற முதல் மரத்தின் பாத்தியில் ஏறியபோது மண் உஸ்ஸென்று குடித்த சத்தம் கேட்டது. அந்தத் தாகத்துக்கு எதைக் கொடுத்திருந்தாலும் குடித்திருக்கும்.

கொஞ்ச நாள் குரும்பை உதிர்வது நின்றது. அப்பா நடையே மாறியது. "மச்சினனுக்கு ஒரு கார்டு போடு. ஒன் புண்ணியத்துல மரம் நிக்குதுன்னு எழுது" என்றார். எழுதினேன். கை கூசியது, ஆனாலும் எழுதினேன். மரம் பிழைத்துவிட்டதே, மாமாவுக்குத்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பங்குனியில் ஓலை நுனி கருகியது. தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு எடுத்த மாதிரி. பிறகு ஓரம். பாத்தியில் வெள்ளையாகப் பொரிந்தது, அப்பா மாவு மாதிரி அள்ளிப் பார்த்தார். சித்திரையில் நடுக்குருத்து சாய்ந்தது. கிணற்றில் ஊறியதில் அம்மா உலை வைத்தாள். பருப்பு எத்தனை விறகு வைத்தும் வேகவில்லை. சோறு செம்பட்டை நிறத்தில் வந்தது. வாயில் வைத்து அப்படியே எழுந்தோம். மாமா தீவில் உப்பு கடலிலிருந்து வருகிறது, கடலுக்கே திரும்பிப் போகிறது. எங்கள் காட்டில் எங்கே போகும்? கிணற்றுக்குள் போனது. பக்கத்துக் காட்டுக் கிணற்றுக்கும் போனது. அந்த வீட்டுப் பொம்பிளைகள் குடத்தோடு வாசலில் வந்து நின்று அம்மாவை வாயில் வந்ததெல்லாம் சொன்னார்கள். மேஸ்திரி அதற்குள் வேறு யாரோ ஒருவர் காட்டைப் பிடித்துவிட்டார். ஒரு அதிகாரி வந்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போனார். அந்தப் பை எங்கே போனதோ.

அப்பா மேஸ்திரியைத் திட்டவில்லை. தன்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை. மாமாவைத் திட்டினார்.

"ஒன் தம்பிதான் எங்குடியக் கெடுத்தான். கடல்ல நிக்கிது, மட்ட வாடலன்னு எழுதி எழுதி என்னயக் கிறுக்கனாக்கிட்டான்."

"அவன் கண்டத எழுதுனான். நீங்கதான..." என்று அம்மா தொடங்கினாள்.

"வாயத் தொறக்காத."

கடிதங்களை வெந்நீர் அடுப்பில் போட்டார். என் கொட்டையை எடுத்துக் கிணற்றில் எறிந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கார்டும் பேனாவும் கையில் கொடுத்தார்.

"எழுது. 'உன் பேச்சைக் கேட்டுத் தோப்பு அழிந்தது. இனிமேல் உனக்கு அக்கா இல்லை. கடிதம் போடாதே.'"

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "அக்கா இல்லன்னு எழுத வேணாங்க" என்றாள்.

"எழுது புள்ள."

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், டீச்சர் நோட்டைத் தூக்கி உங்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். அந்த அழகான எழுத்தில் எழுதினேன். 'அடுத்த பத்தியில் சொல்லியிருக்கிறார் அப்பா, நான்தான் வாசிக்கவில்லை' என்று சொல்ல அந்தக் கார்டு எழுதி முடிக்கும் நேரம் முழுவதும் எனக்கு இருந்தது. சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து மாமாவிடமிருந்து ஒரு கவர் வந்தது. அப்பா உறையைத் தொடாமலே, திருப்பி அனுப்பு என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்த ஐப்பசியில் நன்றாகப் பெய்தது. மொட்டைத் தென்னைகள் நனைந்துகொண்டு நின்றன. அப்பா செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார். காடு பிறகு செங்கல்லுக்கே மண்ணாகப் போனது. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், மாமாவோடு சாலை வேலை பார்த்த ஒருவர் ஊருக்கு வந்தபோது வீடு தேடி வந்து, மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று சொன்னார். அப்பா எழுந்து வெளியே போனார். அம்மா அழவில்லை. பின்பக்கம் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். காய்ந்த பிறகு முடியெல்லாம் விறைத்துப் போய் நின்றது.

இதுவரை நடந்ததைப் பத்து வயசு என்று மன்னித்துவிடலாம் என்பீர்கள். நீங்கள் நல்லவர்கள், மன்னித்துவிடுவீர்கள். அடுத்ததைக் கேளுங்கள்.

அப்பா இறந்த பிறகு அம்மா டவுனில் என் வீட்டில்தான் இருந்தாள். நான் வேலையில் இருந்த கடைசி வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தன் பெட்டியின் அடியில் சேலைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, நூல் போட்டுத் தைத்திருந்தது. அடுப்புக்குப் போகாமல் அவள் ஒளித்து வைத்தது அந்த ஒன்றுதான். எழுத்துத் தெரியாதவள், எப்படி அதையே எடுத்தாள் என்று கேட்டேன்.

"வாசிச்சப்ப ஒன் மூஞ்சி ஒரு மாதிரியா இருந்துச்சு. எந்தக் காயிதம்னு பாத்து வச்சுக்கிட்டேன்" என்றாள்.

நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன்.

"முழுசா ஒருக்கா வாசிச்சுத் தா. ஒங்கப்பா இல்ல இப்ப. மழையோடயே வாசி."

வாசித்தேன். தொடக்கத்தில் ஒரு மழை இருந்தது, அதை வாசித்தேன். மரம், சேறு எல்லாம் வாசித்தேன். தென்னைக்கு வந்தேன். அவள் கண்ணில் புரை, என் முகம் தெரியாது. ஆனால் முகத்தை என் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது எனக்கு. உத்தியோகம் பார்த்தவள், நாலு பேருக்கு நியாயம் சொன்னவள். அந்தப் பத்தியை விட்டுவிட்டு 'அக்காவுக்கு உடம்பு எப்படி' என்று வாசித்தேன்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"தோப்புக்கு ஆகும் ஆகாதுன்னு ஒண்ணும் சொல்லல?"

"சொல்லல."

அம்மா கடிதத்தை வாங்கித் தடவித் தடவி மடித்தாள். "பாவிப்பய" என்றாள். "ஒரு வார்த்த எழுதிருக்கலாம்ல."

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், பயம். வேறு ஒன்றும் இல்லை. அவளுக்கு எதற்கு வயசான காலத்தில் வேதனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது சுத்தப் பொய். எழுதியிருக்கிறான் என்று தெரிந்திருந்தால் அவள் தம்பி அவளுக்குத் திரும்பக் கிடைத்திருப்பார். நான் அவளுக்கு இல்லாமல் போயிருப்பேன். அதற்குத்தான் பயந்தேன். அந்தப் பத்தியை வாசித்திருந்தாலும் அப்பா வாய்க்காலைத் திருப்பியிருப்பாரோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. ஆனால் மாமா மேல் பழி விழுந்திருக்காது. அது தெரியும்.

அம்மா போன ஆவணியில் போய்விட்டாள். கடைசி வாரத்தில்கூட ஒரு தடவை தம்பியைப் பேர் சொல்லித் திட்டினாள். நர்ஸ் அது மகனா என்று கேட்டாள். தம்பி என்றேன்.

கடிதம் என் முன்னால் இருக்கிறது. உங்களுடைய படங்களைப் பார்த்த பிறகுதான் எடுத்தேன். உப்புத் தண்ணியில நின்னும் எப்படி இம்புட்டுப் பச்சையா இருக்கு என்று கேட்டீர்களே, மாமா எழுதியதை ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறேன்:

'மழைதான் இதற்குக் காரணம். இங்கே எட்டு மாதம் பெய்கிறது. உப்பு ஏறினால் மழை அதைக் கழுவிக் கடலில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. தூர் ஓரம் கையால் தோண்டினேன், ஊறியது நல்ல தண்ணீர், குடித்துப் பார்த்தேன். மழை நின்றால் இந்த மரம் ஒரு கோடை தாங்காது என்று இங்குள்ள பெரியவர் சொன்னார். மச்சான் முன்பத்தியை மட்டும் கேட்டுவிட்டு உப்பு மூட்டையோடு தோப்புக்குக் கிளம்பிவிட வேண்டாம். அங்கே மழை உண்டா? பாப்பாவை ஒரு வரி எழுதச் சொல்லவும்.'